பணிவிடை தேடிய காலம்

இலங்கையில் அரசாங்கத் தாதியர் பயிற்சிக் கல்லூரி ஒன்றில் சேர்ந்துவிட்ட பிள்ளைக்குப் பயிற்சி நடக்கும் மூன்று வருடமும் மாதந்தோறும் உதவுதொகை கிடைக்கும். பயிற்சி முடிந்தபின் நியமனமும் கிடைக்கும். ஆனால் அந்தக் கல்லூரிக்கு விண்ணப்பம் கோரும் வர்த்தமானி அறிவித்தல் எப்போது வெளிவரும், வெளிவந்தபின் நேர்முகப் பரீட்சை எப்போது நடக்கும், நடந்தபின் அழைப்புக் கடிதம் எப்போது வீடு தேடி வரும் என்பதை முன்கூட்டிச் சொல்ல யாராலும் இயலாது. உயர்தர வகுப்பில் உயிரியல் படித்து, வைத்திய பீடத்துக்கு வேண்டிய இஸட் புள்ளிக்குச் சற்றுக் கீழே நின்றுவிட்ட எங்கள் அம்பாறைப் பக்கத்துப் பெண்பிள்ளைகள் பலர், தங்கள் யௌவனத்தின் நல்ல பகுதியை இந்தக் காத்திருப்பிலேயே கழித்திருக்கிறார்கள். 2009ஆம் ஆண்டில் யுத்தம் முடிந்து, வீதிச் சோதனைச் சாவடிகள் ஒவ்வொன்றாக நீங்கத் தொடங்கியிருந்த நாட்களில், இறக்காமத்திலே நானும் அவ்விதம் காத்திருந்தேன்.

இறக்காமம் கடலோர ஊரன்று. கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று கடலை ஒட்டி நிற்கும் ஊர்களுக்கு மேற்கே, வயல்வெளிகளைக் கடந்து உள்ளே, ஒரு பெரிய குளத்தின் பக்கத்தில் அமைந்தது. 2004 டிசம்பரில் சுனாமி வந்து மாவட்டத்தின் கரையோரத்தில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன அன்று, தண்ணீர் எட்டாத எங்கள் ஊருக்குச் செய்தியும் உறவினர்களுமே ஓடிவந்தார்கள். பெரும்போகமும் சிறுபோகமுமே எங்கள் ஜீவனம். எங்கள் பகுதி முஸ்லிம்களிடையே தாய்வழிக் குடி முறை இன்றும் வழங்கிவருவதையும், கல்யாணமானபின் மாப்பிள்ளை பெண்ணுடைய வீட்டுக்கே வந்து வாழ்வதையும், அதனால் பெண்மக்கள் ஒவ்வொருத்திக்கும் ஒரு வீடு கட்டிக் கொடுக்கத் தகப்பன் கடமைப்பட்டிருப்பதையும் அறிந்தவர்கள், பெண்மக்களையே பெற்ற ஒரு விவசாயியின் கையில் ரொக்கம் எவ்வளவு தங்கும் என்பதை எளிதில் ஊகித்துக்கொள்வார்கள்.

கல்முனையிலே தனியார் தாதியர் பயிற்சி நிலையம் ஒன்றில், வார இறுதி வகுப்புகளுக்கு என்னைச் சேர்த்தபோது, முதல் தவணைக் கட்டணத்தை வாப்பா நெல் விற்ற காசிலிருந்து கட்டினார். ராத்தாவின், அதாவது என் மூத்த சகோதரியின், வீட்டுக்கு ஓடு போட வைத்திருந்த காசு அது. அடுத்த தவணையை நானே உழைத்துக் கட்டுவதென்று அன்றே நிய்யத் வைத்துக்கொண்டேன். அரசாங்கக் கல்லூரி மாணவிக்கு இல்லாத இந்தப் பாரம், காசு கட்டிப் படிக்கும் மாணவி ஒவ்வொருத்தியின் தலையிலும் இருக்கிறது. வகுப்பிலே எங்களுடைய சம்பாஷணை பெரும்பாலும் பாடத்தைப் பற்றியதாக இராமல், யாருக்கு எங்கே உதவியாளர் வேலை கிடைத்தது என்பதைப் பற்றியதாகவே இருந்ததற்கு அதுவே காரணம்.

எங்கே தேடுவது என்பதே முதற் பிரச்சினை. கல்முனை, ஒரே நகரத்துக்குள் இரண்டு ஆதார வைத்தியசாலைகளை உடையது: வடக்கு வைத்தியசாலை ஒன்று, அரசியல் தலைவர் மர்ஹூம் அஷ்ரஃப் அவர்களுடைய பெயரைத் தாங்கிய ஞாபகார்த்த வைத்தியசாலை மற்றொன்று. சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று சுற்றிலும் அரசாங்க ஆஸ்பத்திரிகளுக்குக் குறைவில்லை. ஆயினும் அங்கே நோயாளியைத் தூக்கி வைப்பதும், சக்கர நாற்காலியைத் தள்ளுவதும், விடுதியைத் துப்புரவாக வைத்திருப்பதும் சிற்றூழியராக நியமனம் பெற்றவர்களுடைய கடமைகள். அந்த நியமனம் அரசாங்கத்தின் கையால் வரவேண்டியது. தாதியருக்குப் படித்துக்கொண்டிருக்கும் ஒருத்தி வாசலில் போய் நின்று வேலை கேட்க அங்கே வழியில்லை. எஞ்சியவை தனியார் வைத்தியசாலைகளே.

அவற்றுள் சிறியவற்றின் ஜீவநாடி மாலை வேளையில் இருக்கிறது. பகலெல்லாம் அரசாங்க வைத்தியசாலையில் கடமை பார்த்த நிபுணர்கள் மாலையிலே அங்கு வந்து அமர்ந்து, சனல் பண்ணி நம்பர் எடுத்து வைத்திருக்கும் நோயாளிகளைப் பார்ப்பார்கள். நம்பரைக் கூப்பிடுவதும், நிறை பார்ப்பதும், பிரஷர் பார்த்துத் துண்டில் எழுதிக் கொடுப்பதும், வயதானவர்களைக் கைப்பிடித்து உள்ளே அழைத்துப் போவதுமாக இரவு ஒன்பது, பத்து மணி வரை நீளும் இந்த வேலைகளுக்கே அவர்களுக்கு உதவியாளர் அதிகம் தேவைப்பட்டனர். மஃரிபுக்குப் பிறகு எனக்கு ஊருக்குப் பஸ் கிடையாது. கரையோரத்து ஊர்ப்பெண் ஒருத்தி தம்பியின் மோட்டார் சைக்கிளில் ஏறிக் கால்மணி நேரத்தில் வீடு சேர்ந்துவிடுவாள். உட்பகுதி ஊர்ப் பெண்ணுக்கு அந்தப் பஸ் நேரமே கதவை அடைத்துவிடும். கொழும்புக்குப் போனால் பெரிய தனியார் வைத்தியசாலைகளில் வேலையும் உண்டு, தங்குமிடமும் உண்டு என்றார்கள். ஆனால் எனக்கு அப்போது சிங்களம் பேச வராது. பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்ப உம்மாவின் மனமும் இடம் கொடுக்கவில்லை.

சுயவிபரக் கோவையும், கிராம உத்தியோகத்தரின் நற்சான்றுக் கடிதமும், கல்விச் சான்றிதழ்களின் பிரதிகளும் கொண்ட உறையுடன் நான் ஏறி இறங்கிய படிகளில், பகல் நேர வேலை இருந்த சில இடங்களிலும் என்னை எதிர்கொண்டது ஒரே கேள்விதான்: "அனுபவம் இருக்கா?" வேலை செய்தால்தானே அனுபவம் வரும் என்று எண்ணிக்கொண்டு திரும்புவேன். ஓரிடத்தில் மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்காமல், "ஊசி போடுவீங்களா? சேலைன் ஏத்துவீங்களா?" என்று கேட்டார்கள். மருந்து கொடுப்பதும் ஊசி போடுவதும் பதிவுபெற்ற தாதியின் பொறுப்பு, பயிற்சியில் இருக்கும் உதவியாளர் அதற்குக் கை வைக்கக் கூடாது என்று எங்களுக்குக் கற்பித்திருந்தார்கள். அதையே சொன்னேன். அப்படியென்றால் படித்து முடித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அன்றைக்குக் காசு எவ்வளவு அவசியமாயிருந்தபோதிலும் அந்தப் பதிலைச் சொன்னதற்காக நான் என்றும் வருந்தியதில்லை. குறைந்த சம்பளத்துக்குக் கிடைக்கிறாள் என்பதற்காக ஒரு மாணவியின் கையில் ஊசியைக் கொடுக்கும் வழக்கம் எங்கே இருந்தாலும், நோயாளிக்கும் அவளுக்கும் ஒருசேரச் செய்யப்படும் அநியாயம் அது.

எனக்கு வழி திறந்தது வைத்தியசாலையிலன்று, ஒரு வீட்டிலே. எங்கள் பயிற்சி நிலையத்தில் செய்முறை கற்பித்தவர், அரசாங்க சேவையிலிருந்து இளைப்பாறிய தமிழ் மிஸி ஒருவர். ஒருநாள் வகுப்பு முடிந்தபின் என்னை நிறுத்தி வைத்து, "மருதமுனையில ஒரு வயசான உம்மா பாரிசவாதத்தில படுக்கையில கிடக்கிறா, பிள்ளை. பகலில பாக்க ஆளில்லை. ஆம்பிளையும் சரிவராது, பழக்கமில்லாத பொம்பிளையும் சரிவராது. போறியா?" என்று கேட்டார். பகல் நேர வேலை. பஸ்ஸுக்கு முன் திரும்பிவிடலாம். உடனே சம்மதித்தேன்.

வீட்டிலே செய்தியைச் சொன்னபோது, உம்மாவின் காக்கா, என் மாமா, வந்திருந்தார். அவருக்கு அது பொறுக்கவில்லை. "உயர்தரம் படிச்ச புள்ளைய ஊரான் ஊட்டுல பீ, மூத்திரம் அள்ளவா அனுப்பப் போறீங்க?" என்று வாப்பாவைக் கேட்டார். வாப்பா அதிகம் பேசாதவர். வெற்றிலைத் தட்டத்தை நகர்த்தி வைத்துவிட்டு, "மச்சான், எங்கட உம்மா படுக்கையில கெடக்கக்குள்ள அள்ளினது ஆரு? உங்கட தங்கச்சிதானே. கூலியில்லாமச் செஞ்சா நன்மை, கூலிக்குச் செஞ்சா கேவலமா?" என்று மட்டும் சொன்னார். மாமா அதன்பின் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

வாப்பாவின் அந்தக் கேள்வியை நான் பலகாலம் சிந்தித்திருக்கிறேன். எங்கள் சமூகத்திலே பெண் நோயாளியைப் பெண்தான் தொட வேண்டும், பெண்தான் குளிப்பாட்ட வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமே. ஆனால் அவ்விதம் எதிர்பார்ப்பவர்களே, தங்கள் வீட்டுப் பெண் அந்தத் தொழிலுக்குப் போவதென்றால் முகம் சுளிப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடிந்ததில்லை. மதீனாவிலே அஸ்லம் கோத்திரத்தைச் சேர்ந்த ருஃபைதா அம்மையார் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் கூடாரமடித்து நோயாளருக்கும் காயம்பட்டோருக்கும் சிகிச்சை செய்தார் என்பதும், அகழ் யுத்தத்திலே அம்பு பட்ட ஸஅத் இப்னு முஆத் அவர்களை அந்தக் கூடாரத்தில் வைத்துப் பராமரிக்கும்படி நபிகளார் பணித்தார்கள் என்பதும் நமது சரித்திரத்தில் உள்ளவை. ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் 1854இல் இஸ்தான்பூலின் உஸ்குதாரிலிருந்த உஸ்மானியப் பாசறையில் தமது பணியைத் தொடங்குவதற்குப் பன்னிரண்டு நூற்றாண்டுகள் முந்திய செய்தி அது. அந்தக் கூடாரத்திலும் இந்தப் பாசறையிலும் முதலில் நடந்திருக்கக்கூடிய வேலை கழுவுவதும் துடைப்பதும் தண்ணீர் கொடுப்பதுமாகவே இருந்திருக்கும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

மருதமுனை கைத்தறிக்குப் பேர்போன ஊர். நான் போன வீட்டின் பின்புறத்திலும் தறி இருந்தது. காலையிலிருந்து அதன் ஓசை கேட்டுக்கொண்டேயிருக்கும். நான் மூத்தம்மா என்று அழைத்த அந்த வயதானவருக்கு வலப்பக்கம் முழுவதும் செயலிழந்து, பேச்சும் போயிருந்தது. மூளையின் இடப்பாதியில் இரத்தவோட்டம் தடைப்பட்டால் பெரும்பாலும் உடம்பின் வலப்பக்கமும் பேச்சும் சேர்ந்தே பாதிக்கப்படும் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். அந்தப் புத்தகச் செய்தி ஒரு மனுஷியாகக் கண்முன்னே கிடந்தபோது, அவர் எல்லாவற்றையும் விளங்கிக்கொள்கிறார், சொல்ல மட்டும் இயலவில்லை என்பதை அவருடைய கண்களைப் பார்த்தே அறிந்தேன். வீட்டார் அவர் முன்னிலையிலேயே அவரைப் பற்றிப் பிறரிடம் பேசுவார்கள். நான் எதைச் செய்வதற்கு முன்னும் அவரிடம் சொல்லிவிட்டே செய்வேன்: "மூத்தம்மா, இப்ப இடப்பக்கம் திருப்பப் போறன்." ஆம் என்றால் இடக்கையால் என் விரலை ஒருமுறை அழுத்துவார்.

படுக்கையில் கிடப்பவருக்குப் பெரிய சத்துரு படுக்கைப் புண். முதுகின் அடிப்பாகம், இடுப்பெலும்பின் பக்கங்கள், குதிக்கால், தோள்பட்டை என்று எலும்பு தோலுக்கு அண்மையில் இருக்கும் இடங்களில், தேகத்தின் பாரம் ஒரே இடத்தை நெடுநேரம் அழுத்தும்போது சிறு இரத்தக் குழாய்கள் அடைபட்டு, தோலும் அதன் கீழுள்ள தசையும் செத்துப்போகின்றன. சிவந்த இடத்தை விரலால் அழுத்தினால் வெளுத்து, விட்டதும் மீண்டும் சிவந்தால் பயமில்லை. அழுத்தியும் வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் அங்கே புண் பிறந்துவிட்டது என்று பொருள். ஆகவே இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும். முழுப்பக்கமாகச் சரிக்காமல் முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்துச் சற்றே சாய்த்து வைக்க வேண்டும். குதிக்கால்கள் மெத்தையில் படாமல் கெண்டைக்காலின் கீழ் மடித்த துணி வைக்க வேண்டும். விரிப்பில் ஒரு சுருக்கமும் இருக்கக்கூடாது. சோறு ஊட்டுவதென்றால் அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, நன்றாகக் குழைத்து, சிறு கரண்டியால் நாக்கின் நல்ல பக்கத்தில் வைத்து, விழுங்கிவிட்டார் என்று கண்டபின்னரே அடுத்த கரண்டி. முடிந்தபின் செயலிழந்த கன்னத்துக்குள் சோறு தங்கியிருக்கிறதா என்று விரலால் பார்த்துச் சுத்தம் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் அது மூச்சுக்குழலுக்குள் இறங்கிச் சளிக்காய்ச்சலாக மாறும். இவற்றையெல்லாம் ஒரு கொப்பியில் நேரம் போட்டு எழுதி வந்தேன். எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் திருப்பினேன், எவ்வளவு தண்ணீர் குடித்தார், எவ்வளவு சிறுநீர் போனது, நாடி எத்தனை, காய்ச்சல் உண்டா என்று யாரும் கேட்காமலே எழுதினேன்.

வர்ஜீனியா ஹெண்டர்சன் என்ற அமெரிக்கத் தாதி, ஒரு மனிதன் பலமும் மனவுறுதியும் அறிவும் இருந்தால் தானாகவே செய்துகொள்ளக்கூடியவற்றை, அவை இல்லாதபோது அவனுக்காகச் செய்வதும், மீண்டும் தானே செய்துகொள்ளும் நிலைக்கு அவனைக் கொண்டுவருவதுமே தாதியின் கடமை என்று வகுத்து, மனிதனுடைய அடிப்படைத் தேவைகளைப் பதினான்காகச் சொன்னார். மூச்சு, உணவு, கழிவு, அசைவு, நித்திரை, உடை, உடற்சூடு, சுத்தம் என்று அந்த வரிசை போகிறது. அவற்றுள் முதல் எட்டுக்கும் தேவைப்படும் அன்றாட வேலையிற் பெரும்பகுதி, படிநிலையிலே கடைசியில் நிற்கும் உதவியாளரின் கையால்தான் உலகமெங்கும் நடக்கிறது என்பதை வகுப்பில் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. மருதமுனை வீட்டிலே நான் கண்டுகொண்டேன்.

அதே வரிசையில், தன் விசுவாசத்தின்படி வணங்குவதும் ஒரு தேவையாக இருக்கிறது. மூத்தம்மா பாங்கு கேட்கும்போதெல்லாம் இடக்கையை அசைத்துத் தவிப்பதை வீட்டார் வலி என்று நினைத்து எண்ணெய் தடவினார்கள். நான் கட்டிலை, முகம் கிப்லாவை நோக்கும்படி திருப்பிப் போடச் சொன்னேன். ஒரு தட்டத்தில் சுத்தமான மண் கொண்டுவந்து, அவருடைய இடக்கையை அதில் வைத்து, முகத்தையும் கைகளையும் தடவித் தயம்மும் செய்ய உதவினேன். அவர் கண்ணசைவால் தொழுதார். அவருடைய மகள், நான் ராத்தா என்று அழைத்தவர், தறிக்கொட்டிலிலிருந்து எழுந்துவந்து கதவருகில் நின்று அழுதார். அந்நாளுக்குப் பின் அந்தக் கையசைவு நின்றுவிட்டது. குளிசையால் தீராத அந்தத் தவிப்பு அவ்வளவு எளிதில் தீர்ந்ததைப் பார்த்தபின், நோயாளியின் அமைதியின்மை எதுவாயினும் அதன் காரணத்தை முதலில் தேட வேண்டும் என்பது எனக்குப் பழக்கமாயிற்று.

மாரி மழை தொடங்கிய காலத்தில் மூத்தம்மாவுக்குச் சளிக்காய்ச்சல் கண்டு, கல்முனையில் ஒரு தனியார் வைத்தியசாலையில் அனுமதித்தார்கள். நானும் உடன் போனேன். இன்சார்ஜ் மிஸி உடுப்பு மாற்றுவதற்காக அவரைத் திருப்பியவர், முதுகைப் பார்த்தார்; இடுப்பைப் பார்த்தார்; இரண்டு குதிக்கால்களையும் கையிலெடுத்துப் பார்த்தார். "எவ்வளவு காலமாப் படுக்கையில?" என்றார். ராத்தா சொன்னார். "ஆர் பாக்கிறது இவவ?" என்று கேட்டபோது ராத்தா என்னைக் காட்டினார். கொப்பியை வாங்கி நின்றபடியே பக்கம் பக்கமாகப் புரட்டினார். பிறகு என் ஊரையும், நான் எங்கே படிக்கிறேன் என்பதையும் கேட்டுவிட்டு, "இவ சுகமாகி வீட்ட போன பிறகு என்னை வந்து பாருங்க, தங்கச்சி" என்றார். மாதக்கணக்கில் நான் கையில் கொண்டு திரிந்த உறையை அவர் கேட்கவேயில்லை.

அந்த வைத்தியசாலையிலேயே வேலை கிடைத்தது, ஆனால் மருதமுனை வீட்டை அப்படியே விட்டுவிட்டு வர முடியாது. என் வகுப்பிலே வரிப்பத்தான்சேனையிலிருந்து வரும் ஒரு பெண்ணும் என்னைப்போலவே உறையோடு அலைந்துகொண்டிருந்தாள். மூத்தம்மா வீடு திரும்பியபின் அவளை அழைத்துப்போய், இரண்டு பேருமாகச் சில நாள் சேர்ந்து பார்த்தோம். திருப்பும் முறையையும் ஊட்டும் முறையையும் அவள் விரைவில் பற்றிக்கொண்டாள். விரல் அழுத்தும் பாஷையைக் கற்க மட்டும் சற்றுக் காலம் பிடித்தது. ஏனெனில் அதை மூத்தம்மாவே அவளுக்குக் கற்பிக்க வேண்டியிருந்தது.

வைத்தியசாலை வேலையைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. படுக்கை விரிப்பது, உடம்பு துடைப்பது, வெப்பநிலை, நாடி, சுவாசம், பிரஷர் பார்த்து அட்டையில் குறிப்பது, சத்திர சிகிச்சை முடிந்து வந்தவருக்குச் சிறுநீர் மணிக்கு முப்பது மில்லிலீற்றருக்குக் குறைந்தால் உடனே மிஸியிடம் ஓடிச் சொல்வது: உலகத்தின் எந்த மூலையிலும் உதவியாளர் செய்வது இதுதான். பாண்டிருப்புத் தமிழ்த் தாயும் சாய்ந்தமருது முஸ்லிம் தாயும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில்களில் படுத்துக்கொண்டு, யுத்த காலத்தில் தாங்கள் பட்டவற்றை மணிக்கணக்கில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்ததை நான் அங்கேதான் கேட்டேன். அந்த இன்சார்ஜ் மிஸி ஒருநாளும் எங்கள் கையில் ஊசியைத் தரவில்லை; தாம் போடும்போது பக்கத்தில் நிறுத்தி, ஏன் இந்த மருந்து, ஏன் இந்த அளவு என்று கற்பிப்பார். எனக்கு அது சம்பளத்தைவிடப் பெரிய ஊதியமாயிருந்தது. சம்பளமும் குறித்த நாளில் வந்தது. அடுத்த தவணைக் கட்டணத்தை என் கையாலேயே கட்டினேன். மிச்சத்தை வாப்பாவிடம் கொடுத்தபோது, அவர் எண்ணிப் பார்க்காமல் என் ராத்தாவின் வீட்டு ஓட்டுக்கென்று உம்மாவிடம் கொடுத்தார்.

மட்டக்களப்புத் தாதியர் பயிற்சிக் கல்லூரியிலிருந்து அழைப்புக் கடிதம் வந்தபோது, நான் வேலையை விட்டுப் போகிறேன் என்று மிஸியிடம் சொல்லத் தயங்கினேன். அவர் சந்தோஷப்பட்டு, எனக்கு ஒரு நல்ல கைக்கடிகாரம் வாங்கித் தந்தார். நாடி பார்க்கச் செக்கன் முள் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று தேடி வாங்கியது. பிறகு, "உங்கட ஊர்ப் பக்கத்தில இப்படி இன்னும் பிள்ளைகள் இருக்கினமா?" என்று கேட்டார். இருக்கிறார்கள், ஆனால் இரவுப் பஸ் இல்லை என்றேன். அவர் நிர்வாகத்தோடு பேசி, உட்பகுதி ஊர்களிலிருந்து வரும் பெண்களுக்கென்று மாலைப் பஸ்ஸுக்கு முன் முடியும் பகல் முறை ஒன்றை ஏற்படுத்தினார். வரிப்பத்தான்சேனைப் பெண் அந்த முறையில்தான் முதலில் சேர்ந்தாள். மருதமுனை வீட்டுக்கு அவள் தன் மாமி மகளைக் கொண்டுபோய் விட்டாள் என்று, மட்டக்களப்பு விடுதிக்கு அவள் எழுதிய முதற் கடிதத்தில் அறிந்தேன். மூத்தம்மாவின் முதுகில் இன்னும் ஒரு கீறல் இல்லை என்றும் எழுதியிருந்தாள்.